முன் டயர் பின்னே, பின் டயர் முன்னே: புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

முதல் காரை வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்துப் பஞ்சர் கடையில் காத்து அடிக்க நிறுத்தினேன். கடைக்காரர் பாய் குனிந்து முன் டயரைத் தடவிப் பார்த்தார். பின்னால் போய் அங்கேயும் தடவினார். "தம்பி, முன்னாடி ரெண்டும் மொட்டை. பின்னாடி ரெண்டும் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கிட்டு இருந்திருக்கு" என்றார்.

டயரை இடம் மாற்றிப் போட வேண்டும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. டிரைவிங் ஸ்கூலில் எச் போடக் கற்றுக்கொடுத்தார்கள், அதோடு சரி. அன்றைக்கு இரண்டு புது டயருக்குக் கொடுத்த பணம்தான் எனக்கு டியூஷன் ஃபீஸ். அதன் பிறகு ஆறேழு முறை நானே வீட்டு வாசலில் டயர் மாற்றியிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை, ஸ்பேனரைக் கையில் பிடித்தே பழக்கமில்லாதவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

முன் டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது? ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ20 மாதிரியான கார்களில் இன்ஜின் முன் சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. வண்டியை இழுப்பது, திருப்புவது, பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு பாரத்தைத் தாங்குவது, இவ்வளவும் முன் டயர்களின் தலையில். இன்ஜினும் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பின் டயர்கள் பாட்டுக்கு உருண்டு வருகின்றன. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் இறங்கிப் பாருங்கள். பிரேக்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வண்டி மூக்கைக் குனியும். அந்தக் குனிவின் பாரம் மொத்தமும் முன் டயரில் இறங்குகிறது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்திலும், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் காட்டுப் பாதையிலும் இதே கதைதான்.

நான்கு டயருக்கும் வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தேயும். இது எல்லோரும் சொல்வது. என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய லாபம் வேறு. டயரைக் கழற்றினால்தான் அதன் உள்பக்கத்தைப் பார்க்க முடியும். வண்டி நிற்கும்போது வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும். உள்விளிம்பில் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வருடத்துக்கு இரண்டு தடவை நான்கையும் கழற்றிக் கண்ணால் பார்க்க ஒரு சாக்கு என்றே நான் இந்த வேலையை எடுத்துக்கொள்கிறேன்.

எப்போது மாற்றுவது

8,000 கிலோமீட்டரிலிருந்து 10,000 கிலோமீட்டருக்குள் ஒரு முறை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் தொழிற்சாலைக்குத் தினமும் காரில் போய் வருபவர் என்றால் போக வர சுமார் 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் வேலை. நான்கு மாதத்தில் 10,000 முடிந்துவிடும். மேலுமலை ஏற்றம் வேறு தினமும் உண்டு. இவர்கள் எட்டாயிரத்திலேயே செய்துவிடுவது நல்லது.

இன்னொரு வகை ஆட்கள் இருக்கிறார்கள். வாரம் முழுக்கப் பெங்களூரில் வேலை, பஸ்ஸில் போய் வருவார்கள். கார் வீட்டுப் புளியமரத்தடியில் நிற்கும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுப்பார்கள். வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இவர்கள் கிலோமீட்டரைப் பார்க்கக் கூடாது. வருடம் ஒரு முறை இடம் மாற்றிவிட வேண்டும். நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் டயர் தரையில் அழுந்தும் இடம் தட்டையாகிப்போகும். கிளம்பியதும் முதல் சில கிலோமீட்டர் தடதடவென்று அதிர்ந்தால் காரணம் அதுதான். பெரும்பாலும் டயர் சூடானதும் சரியாகிவிடும். அப்படியும் சரியாகவில்லை என்றால் கடையில் காட்டுங்கள்.

கழற்றும் முன்: காத்து, பட்டன், வயசு

காற்றை எப்போதும் காலையில், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். டயர் குளிர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு வைப்பது என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. பெரும்பாலான சிறிய கார்களுக்கு 30 முதல் 36 பி.எஸ்.ஐ.க்குள் வரும். டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 44, 51 என்று ஏதாவது எண் இருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. நீங்கள் வைக்க வேண்டிய அளவு அது இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு 44 அடித்துக்கொண்டு போன ஒரு நண்பர் எனக்கு உண்டு. வண்டி மாட்டு வண்டியாகிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சித்திரை வெயில் ஆரம்பித்ததும் நம் ஊரில் எல்லோரும் ஒரே அறிவுரை சொல்வார்கள்: "வெயில் காலம், காத்தைக் கம்மியா வை, இல்லேன்னா வெடிச்சிடும்." இது தலைகீழ். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அழுந்தி, பக்கவாட்டு வளைந்து, மறுபடி நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சூடாகிறதே, அதே மாதிரி. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் இந்த வளைவு நொடிக்கு ஏறத்தாழ பதினைந்து முறை நடக்கிறது. அந்தச் சூட்டில்தான் ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் பிரிந்து டயர் வெடிக்கிறது. கோடையில் வெடிக்கும் டயர்களில் காற்று அதிகமாகி வெடிப்பதைவிட, காற்று குறைந்து சூடேறி வெடிப்பதே வழக்கம்.

ஓடிய டயரில் காற்றழுத்தம் 4, 5 பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும். அது இயல்பு, டயர் செய்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துத்தான் செய்கிறார்கள். சூடான டயரில் கூடுதலாகத் தெரிகிறதே என்று திறந்துவிட்டால், மறுநாள் காலை அது குறைவாக இருக்கும். வெளி வெப்பம் சுமார் 5.5 டிகிரி மாறினால் 1 பி.எஸ்.ஐ. மாறும். மார்கழி விடியலில் ஓசூரில் பார்த்த அளவும், தர்மபுரி பங்குனி மத்தியானத்தில் பார்த்த அளவும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் குளிர்ந்த டயரில், அதே காலை நேரத்தில் பார்க்கச் சொல்கிறேன். ஓட்டையே இல்லாவிட்டாலும் மாதம் 1 பி.எஸ்.ஐ. தானாக இறங்கும். சில நூறு ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இல்லை.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தேடி அலைய வேண்டாம்.

அடுத்தது பட்டன், அதாவது டயர் தரையைத் தொடும் பக்கத்தில் வெட்டுக் கோடு போட்டிருக்கும் ரப்பர். டயரின் வெட்டுக் கோடுகளுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். எங்கே இருக்கின்றன என்று காட்டப் பக்கவாட்டில் சிறிய முக்கோணமோ குறியோ இருக்கும். மேல் ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்று பொருள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 காருக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுவே. புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். சட்டம் 1.6 வரை விட்டாலும் மழை விடாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயர் தேங்கிய நீரைப் பிளந்து வெளியே தள்ள முடியாமல் அதன் மேலேயே மிதக்க ஆரம்பிக்கும். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிப்போகும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் ஐப்பசி மழைக்கு முன் புது டயர் போட்டுவிடுவது என் வழக்கம். இடம் மாற்றும்போதெல்லாம் நான்கு டயரின் ஆழத்தையும் ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில், உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று அளந்து ஒரு பழைய நோட்டில் எழுதி வைக்கிறேன். ஆழம் அளக்கும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது, விலை பெரிதில்லை.

வயசு பார்ப்பது சுலபம். பக்கவாட்டில் 'டாட்' என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரு வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். சில டயர்களில் இந்த இலக்கம் ஒரு பக்கம் மட்டும்தான் அச்சாகியிருக்கும். வண்டியில் மாட்டியிருக்கும்போது அது உள்பக்கமாக இருந்துவிட்டால் கழற்றினால்தான் படிக்க முடியும். ஐந்தாறு வருடம் தாண்டினால் பட்டன் நிறைய இருந்தாலும் கடையில் காட்டி, மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கார் வாங்குபவர்கள் இந்த நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. "டயர் புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்று காட்டுவார்கள். பட்டன் புதுசாக இருக்கலாம், ரப்பர் கிழவனாக இருக்கும்.

தேய்மானத்தைப் படிப்பது

கழற்றிய டயரைத் தரையில் நிறுத்திக் கையால் தடவுங்கள். பாய் செய்ததும் இதைத்தான்.

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும், பெரும்பாலும் உள் ஓரம், தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. டயரின் குறுக்கே கையை உள்ளிருந்து வெளியே இழுத்தால் வழவழப்பு, வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் ரம்பப்பல் மாதிரி சுரசுரப்பு என்றால் அதுவும் அலைன்மென்ட்தான். சக்கரம் இலேசாக உள்ளே பார்த்தோ வெளியே பார்த்தோ நிற்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். கிண்ணம் குழித்த மாதிரி விட்டு விட்டுப் பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள், அல்லது பேலன்ஸிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் ஒரே சீராக இருப்பது) போயிருக்கும்.

நம் பக்கம் கிராமச் சாலைகளில் திடீர் திடீரென்று வரும் வேகத்தடைகளும், கிரஷர் லாரிகள் ஓடி ஓடிப் பெயர்ந்த தார் விளிம்புகளும் அலைன்மென்டைச் சீக்கிரம் கெடுக்கும். பர்கூர் பக்கம் கல்குவாரி லாரி சிந்திய ஜல்லியில் ஏறி இறங்குகிறவர்கள் பக்கவாட்டில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரை எந்த இடத்துக்கும் மாற்றாதீர்கள். அதோடு அதன் கதை முடிந்தது.

புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான்: தேய்மானம் ஒரு பக்கமாக இருந்தால், முதலில் அலைன்மென்ட், பிறகுதான் இடமாற்றம். நோயைச் சரி செய்யாமல் டயரை மட்டும் மாற்றினால், முன்னால் புதிதாக வந்த நல்ல டயரையும் அதே நோய் தின்னும். ஆறு மாதத்தில் இரண்டு கெட்ட டயர் நான்கு கெட்ட டயராகிவிடும்.

எது எங்கே போகும்

இடது வலது என்று சொன்னால் முன்னால் நின்று பார்க்கிறோமா, பின்னாலிருந்தா என்று குழப்பம் வரும். லாரிக்காரர்கள் சொல்கிற மாதிரி டிரைவர் சைடு, கிளீனர் சைடு என்றே வைத்துக்கொள்வோம்.

முன் சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்கள் நேராகப் பின்னால் போகும், பின் டயர்கள் குறுக்கே மாறி முன்னால் வரும். அதாவது டிரைவர் சைடு முன் டயர், டிரைவர் சைடு பின்னுக்கு. அங்கே இருந்தது கிளீனர் சைடு முன்னுக்கு. அங்கே இருந்தது கிளீனர் சைடு பின்னுக்கு. அங்கே இருந்தது டிரைவர் சைடு முன்னுக்கு. ஒரு வட்டம் முடிந்தது.

பொலேரோ, ஈகோ மாதிரி பின் சக்கரம் தள்ளும் வண்டிகளில் இதே வட்டத்தைத் தலைகீழாகச் சுற்றுங்கள். பின் டயர்கள் நேராக முன்னால் வரும், முன் டயர்கள் குறுக்கே மாறிப் பின்னால் போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் நான்கும் குறுக்காக, பெருக்கல் குறி போட்ட மாதிரி மாறும்.

இதற்கெல்லாம் விதிவிலக்கு உண்டு. டயரின் பக்கவாட்டில் அம்புக்குறியும் 'ரொட்டேஷன்' என்ற சொல்லும் இருந்தால் அது ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய டயர். அதைக் குறுக்கே மாற்றக் கூடாது. அதே பக்கத்தில் முன்னும் பின்னும் மட்டும் மாற்றலாம். 'அவுட்சைடு' என்று எழுதிய டயர்களைக் குறுக்கே மாற்றலாம், எழுத்து வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு டயர் போட்ட வண்டிகளில் முன்பின் மாற்றவே முடியாது.

ஸ்டெப்னியைச் சேர்க்கலாமா? மற்ற நான்கோடு அளவிலும் ரகத்திலும் ரிம்மிலும் ஒத்திருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். டிரைவர் சைடு முன் டயர் டிக்கிக்குப் போகட்டும், ஸ்டெப்னி டிரைவர் சைடு பின்னுக்கு வரட்டும், மற்றது அப்படியே. ஆனால் இப்போது வரும் பல கார்களில் நான்கு அலாய் வீல், ஸ்டெப்னி மட்டும் அளவு குறைந்த இரும்பு ரிம். அது வழியில் பஞ்சரானால் கடை வரை போய்ச் சேரத்தான். அதில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். 2020இல் விதி தளர்ந்த பிறகு, காற்றழுத்தம் காட்டும் சென்சாரும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலேயே கார் விற்கலாம். புது வண்டி எடுப்பவர்கள் டிக்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டு வாசலில், ஒரே ஜாக்கியோடு

ஜாக்கி ஒன்றுதானே இருக்கிறது, நான்கு டயரை எப்படி மாற்றுவது என்று முதலில் எனக்கும் புரியவில்லை. ஸ்டெப்னியை நடுவில் ஒரு முட்டுக்கு வைத்துக்கொண்டால் முடிந்துவிடும்.

இடம் சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். சிமெண்ட் வாசல் நல்லது. மண் தரையில் ஜாக்கி புதையும். சரிவு கூடவே கூடாது. முதல் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி' நிலையில். எந்த மூலையைத் தூக்குகிறீர்களோ அதற்கு எதிர் மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல்லோ கட்டையோ கொடுங்கள். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கும்போது அந்தப் பக்க ஹேண்ட் பிரேக் பிடிக்காது, அதனால் கட்டை விஷயத்தில் சோம்பல் வேண்டாம். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள்.

டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முழு பலத்தோடு ஸ்பேனரை மிதித்தால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கி வைக்க வேண்டிய இடம் கதவுக்குக் கீழ் விளிம்பில் குறிக்கப்பட்டிருக்கும். வேறு எங்கே வைத்தாலும் தகடு நசுங்கும். தூக்கியதும், கழற்றும் முன், அங்கே மாட்டப் போகிற டயரை (முதல் மூலையில் அது ஸ்டெப்னி) வண்டிக்கு அடியில், ஜாக்கிக்கு அருகில் படுக்கப் போட்டு வையுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல் இறங்கும், உங்கள் கை தப்பிக்கும். எக்காரணம் கொண்டும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான்.

இனி வரிசை, முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு. டிரைவர் சைடு முன் மூலையைத் தூக்கி டயரைக் கழற்றி, அங்கே ஸ்டெப்னியை மாட்டி இறக்குங்கள். கழற்றியதை டிரைவர் சைடு பின் மூலைக்கு உருட்டிக்கொண்டு போங்கள். அங்கே தூக்கிக் கழற்றி, இதை மாட்டுங்கள். அங்கிருந்து வந்ததை கிளீனர் சைடு முன்னுக்கு. அங்கிருந்து வந்ததை கிளீனர் சைடு பின்னுக்கு. அங்கிருந்து வந்ததை மறுபடி டிரைவர் சைடு முன் மூலைக்கு, ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். ஐந்து முறை தூக்க வேண்டும். முதல் தடவை எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, இரண்டு டீ குடித்தேன். இப்போது ஒரு மணி நேரம் போதும். கழற்றியதுமே டயரில் சாக்பீஸால் எந்த மூலையிலிருந்து வந்தது என்று எழுதிவிடுங்கள். எழுதாமல் நடுவில் போன் பேசப் போய்விட்டால் திரும்பி வந்து எது எது என்று நிச்சயம் குழம்புவீர்கள்.

மாட்டும்போது முதலில் எல்லா நட்டையும் கையாலேயே பூட்டுங்கள். கையால் பூட்ட முடியாமல் மக்கர் செய்தால் மரை மாறி ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக இறுக்குங்கள். ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரைகிற மாதிரி. வட்டமாக வரிசையில் இறுக்கினால் சக்கரம் சாய்ந்து உட்காரும். வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. எவ்வளவு இறுக்குவது என்பது கையேட்டில் இருக்கும். பல சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். டார்க் ரென்ச் இருந்தால் அந்த அளவில் 'டிக்' என்று சொல்லிவிடும். இல்லாதவர்கள் வண்டியோடு வந்த ஸ்பேனரால் கையாலேயே நன்றாக இறுக்கினால் போதும். அதன் மேல் ஏறிக் குதிக்க வேண்டாம். நட்டில் கிரீஸோ ஆயிலோ போடாதீர்கள், அதே பலத்துக்கு அளவை மீறி இறுகிவிடும்.

கடைசி வேலையைப் பாதிப்பேர் மறந்துவிடுகிறார்கள். பல வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் காற்று அளவு வேறு. இடம் மாறிய டயரில் பழைய இடத்தின் காற்றுதான் இருக்கும். மாற்றி முடித்ததும் ஸ்டிக்கரைப் பார்த்து நான்கையும் சரி செய்யுங்கள். எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு என்று காட்டும் சென்சார் உள்ள வண்டி என்றால், புது இடத்தை அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். கையேட்டில் வழி இருக்கும்.

கடையில் செய்தால்

இடுப்பு வலி உள்ளவர்கள் தயங்காமல் கடைக்குப் போங்கள், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். அவர்கள் நான்கையும் ஒரே நேரத்தில் தூக்கிவிடுவார்கள். எது எங்கே போக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். உள்பக்கத்தை நீங்களே தடவிப் பாருங்கள். காற்றில் இயங்கும் கன் வைத்து டர்ரென்று இறுக்கும்போது, "அண்ணா, கடைசியா கையால இறுக்கிடுங்க" என்று சொல்லுங்கள். கன் அளவுக்கு மீறி இறுக்கும், அல்லது ஒன்றை இறுக்கி இன்னொன்றை மறந்துவிடும்.

ஒரு முறை கடையில் மாற்றிக்கொண்டு ராயக்கோட்டை சாலையில் தக்காளி மண்டி தாண்டிப் போகும்போது பின்னால் கடகடவென்று சத்தம். எக்ஸாஸ்ட் பைப் என்று நினைத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். இறங்கிப் பார்த்தால் ஒரு சக்கரத்தில் நான்கு நட்டும் விரலால் சுழலுகின்றன. அன்றிலிருந்து எந்தக் கடையில் செய்தாலும் கிளம்பும் முன் என் ஸ்பேனரால் ஒரு சுற்று நானே பார்க்கிறேன். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பேலன்ஸிங் ஒவ்வொரு முறையும் கட்டாயம் இல்லை. 80, 100 வேகத்தில் ஸ்டியரிங் அதிர்ந்தால் முன் சக்கரங்களில் ஒன்றில் கோளாறு, உட்காரும் சீட் அதிர்ந்தால் பின்னால். இடம் மாற்றிய பிறகு ஸ்டியரிங் அதிர்வு சீட்டுக்கு இடம் பெயர்ந்திருந்தால் குற்றவாளி பின்னால் போன இரண்டில் ஒன்று என்று தெரிந்துவிடும், அந்த இரண்டை மட்டும் காட்டினால் போதும். பஞ்சர் இருந்தால், டயரை ரிம்மிலிருந்து எடுத்து உள்ளிருந்து ஒட்டும் காளான் வடிவ ஒட்டு, வெளியிலிருந்து குத்தித் திணிக்கும் திரியைவிட நிலைத்து நிற்கும். பக்கவாட்டில் ஆணி ஏறியிருந்தால் எந்த ஒட்டும் வேண்டாம், டயரையே மாற்றுங்கள்.

இரண்டு புது டயர் மட்டும் வாங்கினால்

இங்கேதான் வீட்டுக்கு வீடு சண்டை. "முன்னாடிதானே ஸ்டியரிங், புதுசை முன்னாடி போடு" என்பார் அப்பா. நானும் முதல் தடவை அப்படித்தான் போட்டேன். சரியான இடம் பின்னால். முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைத்துவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் வால் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். மழையில் ஒகேனக்கல் வளைவில் அப்படி நடந்தால் நம்மைப் போன்ற சாதாரண ஓட்டுநருக்கு அதை மீட்கத் தெரியாது. அதனால் நல்ல பட்டன் உள்ள ஜோடி எப்போதும் பின்னால்.

அப்படியானால் இடமாற்றமும் இந்த விதியும் ஒன்றுக்கொன்று முட்டுகின்றனவே என்று தோன்றும். முட்டும்தான். தேய்ந்த முன் டயரை எடுத்துப் பின்னால்தானே போடுகிறோம். அதனால்தான் வித்தியாசம் சின்னதாக இருக்கும்போதே, புது டயர் போட்ட முதல் எட்டாயிரத்திலிருந்தே தொடங்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் கவலையில்லாமல் மாற்றலாம். என்னை மாதிரி முன்னால் மொட்டையாகி, பின்னால் புதுசாகவே இருக்கும் நிலை வந்துவிட்டால் இடமாற்றத்துக்குக் காலம் கடந்துவிட்டது. அந்த மொட்டையைப் பின்னால் தள்ளி இன்னும் ஐயாயிரம் ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

புதுசு வாங்கும்போது பழைய டயரில் இருக்கும் எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பது, எச் என்பது 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பது. அகலம் கூடினால் கெத்தாக இருக்கும் என்று கடைக்காரர் ஆசை காட்டலாம். பாரம் தாங்கும் எண் மட்டும் குறையவே கூடாது. மாம்பழ சீசனில் டிக்கி நிறையப் பெட்டி ஏற்றிக்கொண்டு, ஐந்து பேர் உட்கார்ந்து சென்னைக்குப் போகிற ஊர் நம்முடையது. அந்த மாதிரிப் பயணத்துக்கு முன் ஸ்டிக்கரில் 'முழு பாரம்' என்பதற்கு எதிரே இருக்கும் காற்று அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து வண்டி ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு முறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதிதாக உட்கார்ந்த சக்கரத்தில் கொஞ்சம் தளரலாம், அலாய் வீலில் இன்னும் அதிகம். நான் கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பினால் ஓசூர் போய்ச் சேர்ந்ததும் வண்டி ஆறும்வரை காத்திருந்து, ஸ்பேனரை எடுத்து நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்று பார்த்துவிடுவேன். பிறகு நோட்டில் தேதி, கிலோமீட்டர், நான்கு டயரின் ஆழம். போன மாசியில் எழுதியது இப்படி இருக்கிறது: முன் 5.5, 5.5; பின் 6, 6; கிளீனர் சைடு பின் டயரின் உள் ஓரம் மட்டும் 5. அடுத்த வாரம் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் கிறுக்கியிருக்கிறேன்.